எண்ணெய் விற்ற ஓவியங்கள்

சுவரொட்டி நமக்குப் புதியதன்று. பட்டணத்துக்குப் போனால் படக்கொட்டகைச் சுவரில் நடிகர்கள் சிரிக்கிறார்கள். தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். மளிகைக் கடை வாசலில் சோப்பும் பற்பசையும் படமாக நின்று நம்மை அழைக்கின்றன. இவற்றையெல்லாம் போகிற போக்கில் பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம். ஆனால், பார்த்தது மனத்தில் தங்கிவிடுகிறது. "என்ன சோப்பு வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டதும் நம் வாயில் ஒரு பெயர் தானாக வருகிறது. அந்தப் பெயரை நம் நாவில் வைத்தவர் யார்? எப்படி வைத்தார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் முகமாக, இன்று எண்ணெய் நிறுவனங்களின் பழைய சுவரொட்டிகளைப் பற்றிப் பேசுவோம்.

எண்ணெயை ஏன் எடுத்துக்கொண்டோம்? துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மீனைச் செவுள் திறந்து பார்த்து வாங்கலாம். பெட்ரோலை அப்படிப் பார்த்து வாங்க முடியாது. அது குழாய் வழியாக வந்து வண்டிக்குள் மறைந்துவிடுகிறது. வாங்குபவர் கண்ணில் படுவது அதன் பெயர் மட்டுமே. ஆகவே பெயரை விற்கும் கலை எண்ணெய் வணிகத்தில் மிக நன்றாக வளர்ந்தது.

இந்தக் கதையின் தொடக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலண்டன் மாநகரில் மார்க்கஸ் சாமுவேல் என்ற வணிகர் கீழ்த்திசை நாடுகளிலிருந்து கடற்சிப்பிகளை வரவழைத்து விற்றுவந்தார். சிப்பி பதித்த சிறு பெட்டிகள் அக்காலத்தில் அங்கே அலங்காரப் பொருள்கள். தந்தையின் பெயரையே கொண்ட அவருடைய மகன் மார்க்கஸ், பின்னர் மண்ணெண்ணெய் வணிகத்தில் இறங்கினார். அதுவரை மண்ணெண்ணெய் டின்களில் அடைக்கப்பட்டு, இரண்டு டின்களுக்கு ஒரு மரப்பெட்டி என்ற கணக்கில் கப்பலேறி வந்தது. இளைய சாமுவேல் கப்பலையே பெரிய எண்ணெய்த் தொட்டியாகக் கட்டச் செய்தார். 'மியூரெக்ஸ்' என்ற அந்தக் கப்பல் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சூயஸ் கால்வாயைக் கடந்து, சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் எண்ணெய் கொண்டுவந்தது. மியூரெக்ஸ் என்பது ஒருவகைக் கடற்சங்கின் பெயர். 1897இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கும் 'ஷெல்', அதாவது சிப்பி, என்றே பெயர் வைத்தார்.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் எண்ணெய் நீல நிற டின்களில் விற்பனையாகி வந்தது. ஷெல் எண்ணெயோ மலிவு. ஆனால் டின் இல்லை. வாங்குபவர்கள் தங்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாங்கிப்போவார்கள் என்று நிறுவனத்தார் எதிர்பார்த்தனர். ஆசிய மக்கள் அப்படிச் செய்யவில்லை. எண்ணெயோடு டின்னும் வேண்டும் என்றனர். ஏன் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் டின் தண்ணீர் சுமக்கும் வாளியாயிற்று. வெட்டி விரித்தால் கூரைத் தகரமாயிற்று. வேறு வழியின்றி ஷெல் நிறுவனம் தகரத்தை அனுப்பி, ஆங்காங்கே டின் செய்வித்தது. நீலத்துக்கு எதிராக அந்த டின்களுக்குப் பளிச்சென்ற சிவப்பு நிறம் பூசியது. எழுத்தறியாத மக்களும் நிறத்தைப் பார்த்து எண்ணெயை அறிந்தனர். நிறமே பெயரின் வேலையைச் செய்தது. பின்னாளில் வந்த சுவரொட்டிகளின் வித்து இதில் இருக்கிறது.

இனி நாம் இங்கிலாந்துக்குச் செல்வோம். 1920ஆம் ஆண்டுகளில் அங்கே மோட்டார் வண்டிகள் பெருகின. 1930இல் அங்கு ஓடிய சொந்த மோட்டார் வண்டிகள் சுமார் 10 இலட்சம். 1939இல் அது சுமார் 20 இலட்சமாயிற்று. மண்ணெண்ணெய் விளக்குக் காலம் போய்ப் பெட்ரோல் காலம் வந்தது. பல நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. சாலை ஓரங்களிலும் வயல்வெளிகளிலும் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் எழுந்தன. நாட்டுப்புறத்தின் அழகு கெடுகிறது என்று மக்கள் முறையிட்டனர். 1926இல் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. எண்ணெய் விளம்பரங்கள் அச்சங்கத்தாரின் கோபத்துக்கு ஆளாயின.

ஷெல் நிறுவனத்தார் இதில் ஒரு வழியைக் கண்டனர். நாட்டுப்புறப் பலகைகளை விலக்கிக்கொண்டனர். பெட்ரோல் ஏற்றிச் செல்லும் தங்கள் லாரிகளையே விளம்பரப் பலகை ஆக்கினர். லாரியின் பக்கவாட்டில் சுமார் 45 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள சுவரொட்டியைப் பொருத்தினர். அதைச் சில நாள் வைத்திருந்து மாற்றினர். 'லாரிச் சுவரொட்டி' என்றே அதற்குப் பெயர் வந்தது. சாலையின் அழகைக் கெடுக்காத நிறுவனம் என்ற நல்ல பெயர் ஒரு பக்கம். ஊர் ஊராகத் தாமே போகும் விளம்பரம் மறு பக்கம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தன.

இந்தப் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் ஜாக் பெடிங்டன் என்பவர். அவர் ஓவியர் அல்லர். ஷாங்காய் நகரில் பல ஆண்டுகள் எண்ணெய் வணிகத்தில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பியவர். 1932இல் ஷெல் நிறுவனமும் பி.பி. நிறுவனமும் பிரிட்டனில் சேர்ந்து விற்பனை செய்யத் தொடங்கியபோது, இரண்டுக்குமான விளம்பரப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் வகுத்துக்கொண்ட முறை எளியது. நல்ல ஓவியரைத் தேடிப் பிடிப்பது. அவர் விருப்பப்படி வரைய விடுவது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி எழுதுவது. அவ்வளவுதான். "நீங்கள் எங்கே சென்றாலும்" என்பது மேல் வரி. "ஷெல்லை நம்பலாம்" என்பது கீழ் வரி. இடையில் இருப்பது முழு ஓவியம். அதில் பெட்ரோல் டின் இராது; பெரும்பாலும் மோட்டார் வண்டியும் இராது. விலையோ, தரமோ, ஒரு காலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கோ எதுவும் இராது.

அந்த ஓவியங்கள் எத்தகையவை? அவற்றை நவீன ஓவியம் என்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் பிக்காசோ, பிராக் முதலிய ஓவியர்கள் ஒரு புது வழியைக் கண்டனர். இருப்பதை இருப்பதுபோல் பிடிக்கப் புகைப்படக் கருவி வந்துவிட்டது. இனி ஓவியன் செய்ய வேண்டிய வேலை என்ன என்று கேட்டனர். பொருளைக் கட்டங்களாகவும் கோணங்களாகவும் பிரித்து வரைந்தனர். வேண்டாதவற்றை விட்டு, வேண்டிய சில கோடுகளால் பொருளைக் காட்டினர். நமக்கு இது அத்தனை அந்நியமன்று. நம் பெண்கள் பொங்கலன்று வாசலில் மயிற்கோலம் போடும்போது ஒவ்வோர் இறகையும் வரைவதில்லை. நாலு வளைவில் மயில் வந்து நிற்கிறது. தேவையானதை மட்டும் காட்டினால் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஓடுகிற லாரிக்கு இந்த முறையே பொருத்தம். பழைய விளம்பரங்களில் எழுத்து நெருக்கமாக இருக்கும். நின்று படிக்க நேரம் வேண்டும். ஓடும் லாரியில் இருப்பதைக் கண் ஒரு நொடிதான் பார்க்கும். அந்த ஒரு நொடியில் மனத்தில் பதிய வேண்டுமானால் பெரிய வடிவமும் தட்டையான நிறமும் தெளிந்த எழுத்தும் வேண்டும். அக்காலத்து அச்சு முறையும் இதற்குத் துணை நின்றது. சுவரொட்டிகள் கல்லச்சு முறையில் அச்சிடப்பட்டன. வழவழப்பான கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைந்து நீர் தடவுவார்கள். நீர் பட்ட இடத்தில் அச்சு மை ஒட்டாது. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் ஒட்டும். நிறம் ஒன்றுக்கு ஒரு கல் அல்லது ஒரு தகடு வேண்டும். நிறங்கள் குறைந்தால் செலவும் குறையும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்று நாம் பழமொழிபோல் சொல்வதே அந்த அச்சுத் தொழிலின் அடிப்படை.

இந்த ஓவியர்களுள் முன்னால் வைத்து எண்ணத்தக்கவர் எட்வர்டு மெக்நைட் காஃபர். அவர் வரலாற்றை நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். 1890இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். சில காலம் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் திரைச்சீலை வரையும் வேலை செய்தார். பின்பு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கடைக்கு வந்துபோன ஜோசப் மெக்நைட் என்ற பேராசிரியர், இந்த இளைஞரிடம் திறமை இருப்பதைக் கண்டு, பாரிசுக்குச் சென்று ஓவியம் கற்கப் பொருளுதவி செய்தார். அந்த நன்றியை மறவாமல் காஃபர் தம் பெயரோடு மெக்நைட் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். உலகப் புகழ் வந்த பின்னும் அந்தப் பெயரை விடவில்லை.

1914இல் போர் மூண்டதும் காஃபர் இங்கிலாந்துக்கு வந்தார். இலண்டன் சுரங்க இரயில் நிறுவனத்தில் விளம்பரத்தைக் கவனித்துவந்த ஃபிராங்க் பிக் என்பவர் 1915இல் அவருக்கு முதல் வேலை கொடுத்தார். பின்னர் அவர் ஷெல் நிறுவனத்துக்கும் வரைந்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை அவர் 1931இல் வரைந்த சுவரொட்டியில், இருண்ட வானத்தின்கீழ் கற்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. 1937இல் வந்த இயந்திர எண்ணெய் விளம்பரத்தில், ஓவியர்கள் பயன்படுத்தும் மூட்டு அசையும் மரப்பொம்மை ஒன்றை மனிதனாக்கிக் காட்டினார். மூட்டு தடையின்றி அசைய வேண்டுமானால் எண்ணெய் வேண்டும் என்ற கருத்து ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடுகிறது.

வேறு பல ஓவியர்களும் இதில் கலந்துகொண்டனர். பால் நாஷ் 1932இல் ரை என்னும் ஊரின் சதுப்புநிலத்தை வரைந்தார். அதே ஆண்டில் கிரகாம் சதர்லாந்து, ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊரில் உள்ள பெரிய கல் உருண்டையை வரைந்தார். வனெசா பெல் என்ற பெண் ஓவியர் ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தை வரைந்தார். பிறகு மக்களைக் காட்டும் வரிசை வந்தது. நடிகர்கள் விரும்புவது ஷெல், தோட்டக்கலைஞர்கள் விரும்புவது ஷெல், பந்தாட்டக்காரர்கள் விரும்புவது ஷெல் என்று ஒவ்வொரு தொழிலாருக்கும் ஒரு படம். பந்தாட்டக்காரர் படத்தை வரைந்தவர் பால் நாஷ்; ஆண்டு 1935. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஹான்ஸ் ஷ்லேகர் 1938இல் பத்திரிகையாளர் படத்தை வரைந்தார். இவர்களுள் பலருடைய ஓவியங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வரைந்த காலத்தில் அவர்களிற் சிலர் பெயர் பெறாத இளைஞர்கள். அவர்களுக்கு லாரிச் சுவரொட்டி வருமானமும் தந்தது, மக்களின் பார்வையும் தந்தது.

இதில் நாம் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை ஓவியம் என்பது செல்வர் மாளிகையிலும் காட்சிக்கூடத்திலும் அடைபட்டிருந்தது. அது தெருவுக்கு வந்தது. வேலைக்கு நடந்துபோகும் தொழிலாளியும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் காசு கொடுக்காமல் நாட்டின் சிறந்த ஓவியர்களின் படைப்புகளைக் கண்டனர். 1931, 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சுவரொட்டிகளுக்கென்றே இலண்டனில் கண்காட்சிகள் நடந்தன. 1934இல் நடந்த கண்காட்சியைத் தேசிய ஓவியக் கூடத்தின் தலைவரான கென்னத் கிளார்க் திறந்துவைத்தார். அதே ஆண்டில் ஷெல் பெயரால் மாவட்ட வழிகாட்டி நூல்களும் வெளிவரத் தொடங்கின. அவற்றின் பதிப்பாசிரியர் கவிஞர் ஜான் பெட்ஜமன்.

பாராட்டியாயிற்று. இனி அந்த ஓவியங்களில் எது இல்லை என்றும் பார்ப்போம். படத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் போதும். இல்லாததைப் பார்க்க அறிவு வேண்டும்.

முதலாவது, அன்றைய இங்கிலாந்தின் துயரம் அவற்றில் இல்லை. 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் வேலையின்றி இருந்தனர். சுவரொட்டியில் காணும் கிராமமோ அமைதியாக, குறைவின்றி இருக்கிறது.

இரண்டாவது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது அவற்றில் இல்லை. சரவாக்கின் மிரி நகரில் 1910ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதல் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. ஷெல் குழுவைச் சேர்ந்த நிறுவனமே அதைத் தோண்டியது. எண்ணெய் எடுத்த கைகளை எந்த லாரிச் சுவரொட்டியின் ஓவியத்திலும் தேடிக் காண்பது அரிது. வண்டியின் சக்கரத்தையும் எண்ணிப் பாருங்கள். அந்த இரப்பரில் பெரும்பகுதி மலாயாவில் நம் முன்னோர் வெட்டிய பாலிலிருந்து வந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டி இரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில்தான் அந்த அழகிய சுவரொட்டிகள் இங்கிலாந்தின் சாலைகளில் ஓடின.

மூன்றாவது குறையே மிகப் பெரியது. 1933இல் மெக்நைட் காஃபர் ஒரு பெயர்பெற்ற சுவரொட்டி செய்தார். மிடுக்கான ஒரு குதிரையின் தலை, "பி.பி. ஈதைல் குதிரைத் திறனைக் கட்டுப்படுத்துகிறது" என்ற பொருள்படும் வாசகம். இயந்திரத்தின் ஆற்றலைக் குதிரைத் திறன் என்ற அளவால் சொல்வதை அறிவோம். அந்த ஆற்றலை அடக்கி ஆளும் பெட்ரோல் இது என்பது கருத்து. விளம்பரக் கலை பயில்வோருக்கு அது இன்றும் நல்ல எடுத்துக்காட்டு.

ஈதைல் என்று அழகாகப் பெயரிட்ட பொருள் எது? அது ஈயம் கலந்த ஓர் இரசாயனம். இயந்திரத்தில் பெட்ரோல் முறை தவறி வெடித்துத் தட்டும் ஓசை எழுப்புவதை ஈயம் தடுக்கும் என்று 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரியும். 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த இரசாயனத்தைச் செய்த ஆலையில் தொழிலாளர் ஐவர் அதன் நஞ்சேறி மாண்டனர். ஆயினும் விற்பனை நிற்கவில்லை. பெட்ரோலில் கலந்த ஈயம் வண்டிப் புகையோடு வெளியேறிக் காற்றிலும் மண்ணிலும் படிந்தது. மக்களின் உடலில், அதிலும் குழந்தைகளின் உடலில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டு முடியும்வரை அது பொதுவிற்பனையில் இருந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல்தான் அதை நிறுத்தியது.

காஃபர் பொய் சொல்லவில்லை. சுவரொட்டியில் எழுதியது உண்மைதான். ஈயம் இயந்திரத்தின் தட்டலை அடக்கத்தான் செய்தது. ஆனால் 'ஈயம்' என்ற சொல் அந்தப் படத்தில் இல்லை. பார்த்தவர் மனத்தில் குதிரை நின்றது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு நிற்கவில்லை. கலை உயர்ந்ததாக இருந்ததால்தான் நம்பிக்கையும் எளிதாக வந்தது.

1939இல் மீண்டும் போர் வந்தது. பிரிட்டனில் பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுத்தனர். எல்லா நிறுவனங்களின் பெட்ரோலும் ஒன்றாகக் கலக்கப்பட்டு 'பொதுப் பெட்ரோல்' என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டது. சிப்பி ஒரு பெட்ரோல், கேடயம் ஒரு பெட்ரோல் என்ற வேற்றுமை ஒரு நாளில் மறைந்தது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1953இல்தான் தனிப்பெயர்கள் திரும்பின. அதற்குள் காலம் மாறிவிட்டது. 1955இல் அங்கே தொலைக்காட்சி விளம்பரம் தொடங்கியது. பெடிங்டன் போர்க்காலத்தில் அரசாங்கத்தின் திரைப்படப் பிரிவுக்குப் போனார். காஃபர் 1940இல் அமெரிக்கா திரும்பி, 1954இல் நியூயார்க்கில் காலமானார். ஆயிரக்கணக்கான அந்தச் சுவரொட்டிகள் இங்கிலாந்தில் பியூலி என்னும் ஊரில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? விளம்பரங்களை எல்லாம் வெறுக்க வேண்டும் என்பதன்று. நல்ல படத்தைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. நம் பிள்ளைகளுள் ஒருவருக்குக் கோடு போடும் கை இருந்தால், காஃபரின் கதையைச் சொல்லி ஊக்குவோம். அவருக்குக் கைகொடுத்த பேராசிரியரைப்போல் நம்மால் இயன்றதைச் செய்வோம்.

அதே வேளையில் ஒரு பழக்கத்தை வீட்டில் வளர்ப்போம். பிள்ளைகளோடு கடைக்குப் போகும்போது, பால்மாவு விளம்பரமோ மருந்து விளம்பரமோ எது கண்ணில் பட்டாலும், மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுவோம். இந்தப் படம் என் மனத்தில் எந்த உணர்ச்சியை எழுப்புகிறது? பொருளைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது? எதைச் சொல்லாமல் விடுகிறது? முதற்கேள்விக்கு விடை படத்திலேயே கிடைக்கும். இரண்டாவதற்கு டின்னின் மேல் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். மூன்றாவதற்குப் பள்ளி ஆசிரியரையோ, மருத்துவரையோ, நூலையோ நாட வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் பெரியோர். சிவப்பு டின்னை நிறத்தால் அறிந்த தலைமுறைக்கு எழுத்து கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது. அதைக் கொண்டு படத்தையும் படிப்போம், பொருளையும் படிப்போம்.